கட்டாயம்னு சொல்லுவீங்க, அதுக்கு 18% வரியும் போடுவீங்களா?

நம்ம வாசுதேவநல்லூர்ல ஒரு குடும்பம் பழைய ஆல்டோ வாங்குதுன்னா பந்தாவுக்கு இல்லங்க. நடுராத்திரி அவசரம்னா தென்காசி ஆஸ்பத்திரிக்கு ஓடத்தான்!

1000 சிசி-க்குள்ள உள்ள காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு வருஷத்துக்கு ₹2,094. இது 2022-ல் ஒன்றிய அரசே நிர்ணயித்த கட்டணம். இல்லாம ஓட்டினா முதல் தடவையே ₹2,000 அபராதம். சரி, ரோட்டுல அடிபடுறவங்களுக்கு இழப்பீடு கிடைக்கணும், கட்டுறோம்.

ஆனா அதுக்கு மேல 18% ஜிஎஸ்டி, ₹377 எதுக்கு?

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டுக்கு வரி இல்லை. வரவேற்கிறோம். விரும்பி எடுக்கிற காப்பீட்டுக்கு பூஜ்யம். சட்டம் போட்டு எடுக்க வைக்கிற காப்பீட்டுக்கு 18. என்ன நியாயம்?

உங்க பாலிசியை எடுத்து ஜிஎஸ்டி தொகையைப் பாருங்க. பார்த்துட்டு ஷேர் பண்ணுங்க.

#கட்டாயக்காப்பீட்டு_வரியை_நீக்கு