கிடை நாய்களின் மெலிவு

ஆட்டுக்கிடை காக்கும் நாய் விலாவெலும்பு தெரிய மெலிந்து, மயிர் பொலிவிழந்து உதிரத் தொடங்கினால், குடியானவர் பலர் கூழை இன்னும் ஒரு கலயம் கூட்டி ஊற்றுகின்றனர். அதனாற் பயன் சிறிதே. குற்றம் பல சமயங்களில் குடற்புழுக்களுடையது. கொக்கிப்புழு குடற்சுவரைக் கவ்வி இரத்தத்தை உறிஞ்சும். நாயின் ஈறு வெளுத்துக் காணும். தாய்ப்பால் வழியே குட்டிக்கும் அது செல்லுமாதலால், பிறந்த இரண்டாம் வாரம் முதற்கொண்டே மருந்து கொடுத்தல் வேண்டும். ஆட்டுக்குத் தவறாது மருந்தூற்றுபவரும் நாயை மறந்துவிடுவது வியப்பே.

ஆடறுத்தவிடத்தில் நீர்க்கட்டியுள்ள ஈரலை நாய்க்கு எறியும் வழக்கமோ மிகக் கொடியது. அதனால் உண்டாகும் சிறு நாடாப்புழு நாயைப் பெரும்பாலும் மெலிவிப்பதில்லை; ஆகவே ஒருவரும் ஐயுறார். அதன் முட்டைகள் மலத்தோடு வெளிப்பட்டு, நாயோடு விளையாடும் குழந்தையின் கைவழியே வயிற்றுட் புகுந்து, ஈரலிலும் நுரையீரலிலும் கட்டிகளாக வளரக்கூடும். அவ்வீரலை எரித்துவிடுக, அன்றேல் நாய் தோண்டவியலாத ஆழத்திற் புதைத்துவிடுக.