நின்றவரும் வென்றவரே

நுழையும்முன்

முந்துவதே வெற்றி என்று எண்ணுகிறோம். உலகின் மிகக் கடினமான பாலைவன இருசக்கர வாகனப் பந்தயமோ, விழுந்தவருக்காக வண்டியை நிறுத்துபவரையும் மதிக்கிறது. அப்பந்தயத்தின் விதி ஒன்று, காவிரிப் படுகையின் நீர்முறையோடும் நம் ஊர்ச் சாலைகளோடும் எவ்வாறு உறவுடையது என்பதை இக்கட்டுரை எண்ணிப் பார்க்கிறது.

தஞ்சைப் புறவழிச்சாலையில் சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவில் நிகழ்ந்ததை என் முன்னாள் மாணவர் ஒருவர் என்னிடம் கூறினார். பள்ளியில் பயின்ற காலத்தில் அவரும் அவர் நண்பரும் ஆளுக்கொரு வண்டியில், யார் முந்துவது என்று விரைந்திருக்கின்றனர். அறுவடைக் காலமாதலால் சாலையோரத்தில் நெல் காயவைக்கப்பட்டிருந்தது. பின்னால் வந்த நண்பரின் வண்டி அந்நெல்லில் ஏறிச் சறுக்கியது. முன்னால் சென்றவர், பின்னிருந்து வந்த விளக்கொளி சட்டென மறைந்ததைக் கண்ணாடியில் கண்டார். ஆயினும், எல்லையாகக் குறித்திருந்த பாலத்தைத் தொட்ட பின்னரே திரும்பினார். நண்பர் உயிர் பிழைத்தார். ஆனால், இன்றும் ஒரு காலைச் சாய்த்தே நடக்கிறார்.

"நின்றால் தோற்றுவிடுவேன் என்றுதான் அப்போது தோன்றியது, ஐயா" என்றார் அம்மாணவர்.

அச்சொல் என்னை நெடுநாள் வருத்தியது. நிற்பது தோல்வி என்று அவருக்குக் கற்பித்தவர் யார்? பந்தயம்தான் கற்பித்தது என்று முதலில் எண்ணினேன். உலகப் புகழ்பெற்ற பந்தயம் ஒன்றைப் பற்றிப் படித்தபின் அவ்வெண்ணம் மாறிற்று.

மணற்கடலில் ஒரு பந்தயம்

பிரான்சு நாட்டைச் சேர்ந்த தியரி சபீன் என்பவர், 1977ஆம் ஆண்டு நெடுந்தொலைவுப் பந்தயம் ஒன்றில் இருசக்கர வண்டியில் சென்றபோது லிபியப் பாலைவனத்தில் வழிதவறினார். சாவின் விளிம்பிலிருந்து மீண்ட அவர், அப்பாலையின் பேரழகைப் பிறரும் காண வேண்டும் என விரும்பினார். அதன் பயனாக, 1978 திசம்பர் 26 அன்று பாரிசிலிருந்து செனகல் நாட்டின் தலைநகரான டாக்கரை நோக்கி ஒரு பந்தயம் புறப்பட்டது. டாக்கர் பந்தயம் என்னும் பெயர் அவ்வாறே நிலைத்தது. பாதுகாப்புக் காரணங்களால் 2009இல் தென் அமெரிக்காவுக்கு இடம்பெயர்ந்த அப்பந்தயம், 2020 முதல் சவூதி அரேபியாவின் மணல்வெளிகளில் நடைபெறுகிறது.

ஏறத்தாழ இரண்டு வாரங்களில் 7,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவைக் கடக்க வேண்டும். பாதை என்று சொல்லத்தக்க ஒன்று பெரும்பாலும் இராது. செயற்கைக்கோள் வழிகாட்டி, குறித்த இடங்களை வீரர் கடந்தாரா எனச் சரிபார்க்க மட்டுமே உதவும்; வழியைக் காட்டாது. தொலைவு, திசை, பள்ளம், பாறை ஆகியவற்றைக் குறியீடுகளால் உணர்த்தும் வழிக்குறிப்பைப் படித்துக்கொண்டே, மணற்குன்றுகளின் மீது விரைய வேண்டும். ஒரு குறியைத் தவறவிட்டால் பல நிமிடங்கள் வீணாகும். ஒரு பள்ளத்தைத் தவறவிட்டால் உயிரே போகக்கூடும்.

பாலைக்குப் பிரிதலை உரிப்பொருளாக வகுத்தனர் நம் முன்னோர். பொருள்தேடிச் செல்பவர் உற்றாரைப் பிரிந்து தனித்து நடக்கும் நிலம் அது. இப்பந்தயத்திலும் வீரர் தனியராகவே தோன்றுகிறார். அத்தோற்றம் உண்மையா?

ஒருவர் ஓட்டம், பலர் உழைப்பு

பொழுது சாயும்போது வீரர் கூடாரங்கள் நிறைந்த பாசறையை அடைகிறார். அவர் உண்டு, மறுநாள் வழிக்குறிப்பை எண்ணி உறங்கச் செல்லும்போதுதான் இயந்திரப் பணியாளரின் பொழுது விடிகிறது. மணல் படிந்த காற்று வடிகட்டி, தேய்ந்த சக்கரம், வளைந்த கைப்பிடி ஆகியவற்றை இரவெல்லாம் மாற்றி, காலையில் புதுவண்டிபோல் நிறுத்துகின்றனர். அவர்களது பெயர் எந்தத் தரவரிசையிலும் இடம்பெறுவதில்லை.

களத்தில் ஓடும் வீரருள்ளும் இத்தகையோர் உண்டு. குழுவின் முதன்மை வீரருடைய வண்டி பழுதுற்றால், தம் வண்டியின் சக்கரத்தையே கழற்றிக் கொடுப்பதற்காகப் பின்னே வரும் துணைவீரர் அவர். சில நாள்களில் பணியாளர் எவரும் வண்டியைத் தொடக்கூடாது என்பது விதி. அந்நாள்களில் வீரர்களே ஒருவர்க்கொருவர் கைகொடுத்துப் பழுது நீக்குகின்றனர்.

இக்களத்தில் நம் நாட்டவர்க்கும் இடமுண்டு. பெங்களூரைச் சேர்ந்த சி.எஸ். சந்தோஷ், 2015இல் 36ஆவது இடம்பெற்று, இருசக்கர வாகனப் பிரிவில் டாக்கர் பந்தயத்தை நிறைவுசெய்த முதல் இந்தியரானார். கேரளத்தின் சொரனூரைச் சேர்ந்த ஹரித் நோவா, 2024இல் 'ராலி 2' பிரிவில் முதலிடமும் ஒட்டுமொத்தத்தில் 11ஆவது இடமும் பெற்றார். அவர் ஓட்டியது பிரான்சின் செர்கோ நிறுவனமும் ஓசூரின் டி.வி.எஸ். நிறுவனமும் இணைந்து அமைத்த குழுவின் வண்டி. டி.வி.எஸ். என்றதும் நமக்கு நினைவில் வருவது வேறொரு வண்டி. 1980இல் அந்நிறுவனம் வெளியிட்ட 'டி.வி.எஸ். 50' நம் வரப்புகளில் நாற்றுமுடியும் நெல்மூட்டையும் சுமந்தது. அவ்வண்டியின் உறவுக்காரர் ஒருவர் அரேபிய மணலில் ஓடுகிறார் என்று கொள்ளலாம்.

நேரத்தைத் திருப்பித் தரும் விதி

தன் குழுவினர்க்கு உதவுவதில் தன்னலமும் ஓரளவு கலந்திருக்கும். போட்டியாளர்க்கு உதவுவதே உண்மையான சோதனை. 2016ஆம் ஆண்டுப் பந்தயத்தில், போர்ச்சுகல் வீரர் பாவ்லோ கொன்சால்வசு முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தார். வழியில் எதிரணியைச் சேர்ந்த மத்தியாசு வால்க்னர் தொடையெலும்பு முறிந்து கிடந்தார். கொன்சால்வசு வண்டியை நிறுத்தினார். மருத்துவ உதவி உறுதியாகும்வரை அருகிலிருந்தார். ஒவ்வொரு நொடியும் கணக்கிடப்படும் பந்தயத்தில் அவர் இழந்தவை பல நிமிடங்கள். மாலையில் நடுவர் அந்நிமிடங்களைக் கணக்கிட்டு அவருக்கே திருப்பியளித்தனர். விபத்துற்றவர்க்காக நிற்பவர் இழக்கும் நேரத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது அப்பந்தயத்தின் விதி.

நான்காண்டுகள் கழிந்தன. கொன்சால்வசு இந்தியாவின் ஹீரோ குழுவில் இணைந்திருந்தார். 2020 சனவரி 12 அன்று சவூதி மணலில் அவர் விழுந்தார். முந்தைய ஆண்டின் வெற்றியாளரான ஆத்திரேலிய வீரர் டோபி பிரைசு, பட்டத்தைத் தக்கவைக்கும் ஓட்டத்தை நிறுத்திவிட்டு அவருடன் இருந்தார். எனினும், கொன்சால்வசின் உயிரைக் காக்க இயலவில்லை. மறுநாள் இருசக்கர வாகனப் பிரிவின் ஓட்டம் கைவிடப்பட்டது. ஹீரோ குழு பந்தயத்திலிருந்தே விலகியது. 2022இல், கொன்சால்வசின் மைத்துனரான வாக்கிம் ரொட்ரீகசு அதே குழுவின் வண்டியில் ஒருநாள் ஓட்டத்தை வென்றார். இந்திய நிறுவனத்தின் வண்டி ஒன்று டாக்கரில் பெற்ற முதல் ஒருநாள் வெற்றி அது.

அன்பு தானே ஊற்றெடுப்பது. அதற்கு விதி எதற்கு என்று நீங்கள் வினவலாம். அன்புடையவர் விதியின்றியும் நிற்பார். எனினும், நிற்பவர் மட்டுமே இழக்க நேருமாயின், நிற்போர் எண்ணிக்கை நாளடைவில் குறையும். நல்லது செய்பவர் நட்டமடையாமல் காப்பதே நல்ல விதியின் பணி என்பது என் கருத்து.

மருதம் அறிந்த முறை

இவ்வுண்மை காவிரிப் படுகைக்குப் புதிதன்று. கல்லணையில் பிரியும் நீர், ஆறாகி, வாய்க்காலாகி, கன்னியாகிக் கடைமடை வயலை அடைய வேண்டும். நீர் குறைந்த ஆண்டுகளில் முறைப்பாசனம் நடைமுறைக்கு வரும். இத்தனை நாள் இந்த ஆற்றுக்கு, அடுத்த முறை அந்த ஆற்றுக்கு என நீரைப் பகிர்வர். தன் வயல் நிறைந்ததும் தலைமடை உழவர் மடையை அடைக்கிறார். அடுத்த முறை தனக்கு உண்டு என்னும் உறுதி இருப்பதால் அவர் கை தயங்குவதில்லை. அவ்வுறுதி குலையும் ஆண்டில் வரப்பில் சண்டை மூள்கிறது. கடைமடையில் பயிர் கருகுகிறது.

நடவு வயலிலும் இதனைக் காணலாம். வரிசையாகக் குனிந்து நடும் பெண்களுள் ஒருவர் பின்தங்கினால், அடுத்திருப்பவர் அவர் பங்கிலும் சில குத்துகளை நட்டு வரிசையை நேராக்குவார். மாலையில் கூலி அனைவர்க்கும் ஒன்றே.

நம் சாலைகள், நம் வகுப்பறைகள்

டாக்கர் பந்தயத்தை நான் குறையற்றதாகக் கருதவில்லை. அதனைத் தொடங்கிய சபீனே 1986இல் பந்தயத்தின்போது உலங்கூர்தி விபத்தில் மறைந்தார். வீரர்களும் வேடிக்கை பார்க்க வந்தோரும் பலர் உயிரிழந்துள்ளனர். இத்தனை பொருளும் உயிரும் ஒரு விளையாட்டுக்குத் தேவையா என்னும் வினா நேர்மையானது. ஆனால், அப்பந்தய வீரர் காற்றுப்பை பொருத்திய மேலங்கி அணிகிறார். அவர் விழுந்தால் மருத்துவர் வானூர்தியில் வருவர். நம் புறவழிச்சாலையில் பந்தயமிடும் சிறுவர்க்கு இவற்றுள் எதுவுமில்லை. எதிரே வரும் பேருந்தும் மாட்டுவண்டியும் பந்தயத்துக்கு இசைந்தவையும் அல்ல. உரிமம் பெறும் அகவையை எட்டாதவர் வண்டி ஓட்டினால், 2019ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தின்படி பெற்றோரோ உரிமையாளரோ மூன்றாண்டு வரையிலான சிறைத்தண்டனைக்கும் 25,000 ரூபாய் தண்டத்துக்கும் உள்ளாகலாம். விரைவை அவ்வீரரிடம் கற்க வேண்டா, நிற்பதைக் கற்போம்.

சாலையில் ஒருவர் அடிபட்டுக் கிடக்கும்போது, காவல் நிலையம், வழக்கு என்று அஞ்சி ஒதுங்குவோர் பலர். அவ்வச்சத்தை நீக்கவும் விதி உண்டு. அதே சட்டத்திருத்தம், நன்னோக்கத்துடன் உதவுபவரை வழக்கிலிருந்து காக்கிறது. பெயரைச் சொல்லுமாறும் அவரை வற்புறுத்த இயலாது. 2021 திசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம், விபத்துற்றவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பொறுப்பேற்கிறது. நிற்பவருக்கு நேரத்தைத் திருப்பித் தரும் விதியின் உடன்பிறப்புகள் இவை.

வகுப்பறைக்கு அத்தகைய விதி இன்னும் வரவில்லை. தேர்வுக்கு முந்தைய மாலையில், கணக்கு விளங்காத நண்பருக்காக ஒரு மணி நேரம் செலவிடும் மாணவரின் பெருமை எந்த மதிப்பெண் பட்டியலிலும் ஏறுவதில்லை. அதனை மதிக்க ஆசிரியராகிய நாங்களும் பெற்றோரும் கற்க வேண்டும்.

என் மாணவர் இப்போது அப்பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் வண்டியின் வேகத்தைக் குறைத்துப் பின்னே பார்ப்பதாகக் கூறினார். அன்று அவர் அவ்வாறு பார்த்து நின்றிருந்தால் எதை இழந்திருப்பார்? ஒரு பாலத்தை முதலில் தொடும் பெருமையை மட்டுமே.

தெரிந்து தெளிவோம்

டாக்கர் பந்தயத்தில் இருசக்கர வண்டிகளின் இயந்திரத் திறன் 450 கன சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. பெங்களூரைச் சேர்ந்த ஐஸ்வர்யா பிஸ்ஸே, 2019இல் பாலை மற்றும் கரடுமுரடான நிலப் பந்தயங்களுக்கான பஜா உலகக் கோப்பையின் மகளிர் பிரிவில் வாகை சூடினார்.

கற்பவை கற்றபின்

1. 'நல்லது செய்பவர் நட்டமடையாமல் காப்பதே நல்ல விதியின் பணி' என்னும் கருத்தை ஏற்றும் மறுத்தும் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.

2. உங்கள் ஊரில் நீர், நிலம், உழைப்பு ஆகியவற்றைப் பகிர்ந்துகொள்ளும் முறை ஒன்றைப் பெரியோரிடம் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.