வேனுக்குள் படுக்கிறீர்களா? ஜன்னலைத் திறந்து வையுங்கள்!

கணவன், மனைவி 2 பேர். ஒரு வேன். வேனுக்குள்ளேயே மெத்தை, அடுப்பு, பிரிட்ஜ், லைட்டு எல்லாம் உண்டு. ஓட்டல் வேண்டாம். லாட்ஜ் வேண்டாம். நினைத்த இடத்தில் நிறுத்தலாம். சமைக்கலாம். படுக்கலாம்.

இதற்கு "கேம்பர் வேன்" என்று பெயர். "கேரவன்" என்றும் சொல்வார்கள். முன்பெல்லாம் சினிமா நட்சத்திரங்களுக்குத்தான் கேரவன். இப்போது வாடகைக்கே கிடைக்கிறது. புதுசாகக் கல்யாணம் ஆனவர்களுக்கு இதில் தனி ஆசை.

காரைக்குடியில் கிளம்பினால் திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், வத்தலக்குண்டு. அதற்கு மேல் மலைப்பாதை. கொடைக்கானல் ஏறத்தாழ 7 ஆயிரம் அடி உயரம். அங்கே காட்டுக்குள் மலையேற்றம் போகலாம். மூணாறு பக்கம் போனால் கம்பியில் தொங்கிக்கொண்டு பள்ளத்தைத் தாண்டலாம். வாகமண்ணில் பாராசூட் கட்டிப் பறக்கலாம்.

போகட்டும். வருஷம் பூராவும் உழைக்கிறவர்கள் 4 நாள் சந்தோஷமாக இருந்துவிட்டு வரட்டும். வேண்டாம் என்று சொல்ல நாம் யார்?

ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். பறக்கும்போது பயப்படுகிறீர்கள். பெல்ட்டை 4 தடவை இழுத்துப் பார்க்கிறீர்கள். ராத்திரி வேனுக்குள் படுக்கும்போது? "என்னங்க, குளிருது. கண்ணாடியை ஏத்துங்க" என்பார் மனைவி. கணவரும் ஏற்றிவிடுவார். ஒரு இடுக்குகூட இல்லாமல் சாத்திவிட்டு நிம்மதியாகத் தூங்குவார்கள்.

ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

ரோட்டோரம் நின்ற வேன்

2024-ம் ஆண்டு டிசம்பர் 23. கேரளாவில் கோழிக்கோடு மாவட்டம் வடகரை. ரோட்டோரம் ஒரு கேரவன் நின்றது. உள்ளே பார்த்தால் 2 பேர் பிணமாகக் கிடந்தார்கள். ஒருவர் டிரைவர். இன்னொருவர் அவருடன் வேலை பார்த்தவர்.

எங்களைப் போன்ற கிரைம் நிருபர்களுக்கு இப்படி ஒரு தகவல் வந்தால், "கொலையா, தற்கொலையா?" என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். இது இரண்டும் இல்லை. அவர்களைக் கொன்றது காற்று.

வண்டியில் இருந்த ஜெனரேட்டர் ஓடியிருக்கிறது. அதன் புகை வேனுக்குள் புகுந்திருக்கிறது. கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் அதே வண்டியை வைத்து சோதனை போட்டார்கள். தரையில் இருந்த ஓட்டை வழியாக விஷவாயு உள்ளே வந்தது தெரிந்தது. 2 மணி நேரத்தில், காற்றின் 10 லட்சம் பங்கில் 957 பங்கு அந்த வாயு சேர்ந்துவிட்டது. ஆளை முடிக்க அது போதும்.

அதன் பெயர் கார்பன் மோனாக்சைடு. எரிபொருள் சரியாக எரியாத இடத்தில் எல்லாம் வரும். ஜெனரேட்டர், கரி அடுப்பு, கேஸ் அடுப்பு எதுவானாலும் சரி. இதற்கு நிறம் இல்லை. வாடையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்ளும். ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி. அப்புறம் குமட்டல், மயக்கம். மலை ஏறிய களைப்பு என்று நினைத்து படுத்துவிடுவார்கள். படுத்தவர் எழுந்திருக்கமாட்டார்.

கேரளாவில்தானே நடந்தது என்று நினைக்காதீர்கள். 2024 ஆகஸ்டில் நம்ம கொடைக்கானலிலேயே நடந்தது. திருச்சியில் இருந்து போன நண்பர்கள் ஒரு விடுதியில் தங்கினார்கள். கரி அடுப்பில் இறைச்சி சுட்டுச் சாப்பிட்டார்கள். அடுப்பு இருந்த அறையில் படுத்த 2 பேர் பரிதாபமாக இறந்துபோனார்கள். கரிப்புகைதான் காரணம் என்று செய்தி வந்தது. விடுதி அறைக்கே இந்த கதி என்றால், அதில் பாதிகூட இல்லாத வேனுக்கு?

மதுரை பெட்டி

2023 ஆகஸ்ட் 26 விடிகாலையை மதுரைக்காரர்கள் மறக்கமாட்டார்கள். லக்னோவில் இருந்து வந்த சுற்றுலா ரெயில் பெட்டி மதுரை ஜங்ஷன் அருகே நின்றுகொண்டிருந்தது. உள்ளே பயணிகள் தூங்கினார்கள். சட்டவிரோதமாகக் கொண்டு வந்த கேஸ் சிலிண்டரால் தீப்பிடித்தது. 9 பேர் பலியானார்கள்.

ஒரே பெட்டிக்குள் சமையல். அதே பெட்டிக்குள் படுக்கை. கேம்பர் வேனும் இதேதான். அளவுதான் சின்னது.

நம்ம செட்டிநாட்டு வீட்டில் அடுப்பு எங்கே இருக்கும்? பின்கட்டில். படுக்கிறது வேறு கட்டில். நடுவில் திறந்த முற்றம். புகை நேராக வானத்துக்குப் போய்விடும். வேனில் அடுப்புக்கும் தலையணைக்கும் நடுவே 2 முழம்தான்.

தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடி குன்றக்குடியில் இருந்து நத்தம், திண்டுக்கல் வழியாக பழனிக்கு நடக்கிறதே, அதையும் பாருங்கள். தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. எந்த ராத்திரி எந்த ஊரில் தங்குவது என்பது முன்பே முடிவான விஷயம். சமையல் வெட்டவெளியில். யார் எங்கே படுத்திருக்கிறார்கள் என்று கூட வந்தவர்களுக்குத் தெரியும். வேனில் போகிற 2 பேர் எங்கே படுத்திருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்?

யார் கேட்பது?

2018 மார்ச் 11-ந் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீ. மலையேறப் போனவர்களில் 23 பேர் இறந்தார்கள். புதுமணத் தம்பதியும் அதில் உண்டு. அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கு அரசு தனி விதி போட்டது. 2024 அக்டோபரில் 40 பாதைகளை அறிவித்து, ஆன்லைனில் பதிவு செய்துவிட்டு வனத்துறை அனுமதியோடு போகும்படி செய்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் 23 உயிர் போன பிறகு வந்த ஏற்பாடு.

வேனுக்கும் உயிர் போகட்டும் என்று காத்திருக்கப் போகிறோமா?

கேரவன் எப்படிக் கட்டவேண்டும் என்று மத்திய அரசின் தர விதி இருக்கிறது. கட்டிய பிறகு அதில் ஓட்டை விழுந்திருக்கிறதா, புகைக்குழாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்று ரோட்டில் பார்ப்பது யார்?

கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் ஐகோர்ட்டு உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. சோதனைச்சாவடியில் வண்டியை நிறுத்துகிறார்கள். பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று தேடுகிறார்கள். தேடட்டும். அதே இடத்தில் வேன்காரரிடம் இன்னும் 2 கேள்வி கேட்டால் என்ன? "உள்ளே அடுப்பு, ஜெனரேட்டர் இருக்கிறதா? ராத்திரி எங்கே நிறுத்துவீர்கள்?"

நிறுத்த இடமும் கொடுக்கவேண்டும். கேரளாவில் வாகமண்ணில் 2022 பிப்ரவரியிலேயே கேரவன் பூங்கா திறந்துவிட்டார்கள். மின்சார இணைப்பு கொடுத்த இடத்தில் நிறுத்தினால் ஜெனரேட்டரே ஓட்டவேண்டியதில்லை. நம்ம மலை ஊர்களிலும் அப்படி இடம் வேண்டும். தண்ணீர், கக்கூஸ், ஒரு காவலாளி இருந்தால் போதும். வாடகை வாங்கிக்கொள்ளட்டும். நகராட்சிக்கு வருமானம்.

வேனை வாடகைக்கு விடுகிறவர்களுக்கும் பொறுப்பு உண்டு. கார்பன் மோனாக்சைடு வந்தால் கத்துகிற அலாரம் கடையில் விற்கிறது. ஒரு நாள் வாடகையை நினைத்தால் அது பெரிய விலை இல்லை. அலாரம் இல்லாத கேரவனை வாடகைக்கு விடக்கூடாது என்று போக்குவரத்து துறை உத்தரவு போடவேண்டும்.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அடுப்பை வேனுக்கு வெளியே வைத்து சமையுங்கள். கேஸ் வால்வை மூடிவிட்டுப் படுங்கள். அணைந்த கரி என்று நம்பி உள்ளே கொண்டு வராதீர்கள். ஜெனரேட்டரோ, என்ஜினோ ஓடிக்கொண்டிருக்கும்போது தூங்காதீர்கள். குளிருக்கு இன்னொரு கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள். 2 பக்க ஜன்னலும் 2 விரல்கடை திறந்தே இருக்கட்டும். தலை வலித்தால் உடனே வெளியே இறங்கிவிடுங்கள். எங்கே நிற்கிறீர்கள் என்று தினமும் ராத்திரி வீட்டுக்கு ஒரு போன் போடுங்கள்.

சந்தோஷமாகப் போய்விட்டு வாருங்கள். உங்களைப் பற்றி எங்களுக்கு செய்தி எழுதுகிற வேலை வேண்டாம்.