படிக்கும்போதே வேண்டும் விடுதி

மாண்புமிகு உயர்கல்வித் துறை அமைச்சர் அவர்களுக்கு,

ராமநாதபுரம் மாவட்டத்துக் கிராமப் பிள்ளைகளுக்குக் கல்லூரி விண்ணப்பம் போட உதவுகிறவன் எழுதுகிறேன். பிளஸ் டூவில் எவ்வளவு மதிப்பெண் எடுத்தாலும் பெண்பிள்ளைகளின் வீட்டில் முதலில் பார்ப்பது பஸ் நேரத்தைத்தான். சாயங்காலம் திரும்ப முடிந்தால் அந்தக் கல்லூரி. அங்கே இருப்பதுதான் பாடம்.

முதுகுளத்தூரிலும் திருவாடானையிலும் அரசுக் கல்லூரி வந்தது நல்ல காரியம், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் புள்ளியியலோ உளவியலோ புவியமைப்பியலோ எல்லா ஊரிலும் கிடைக்காது. சென்னை மாநிலக் கல்லூரி மாதிரி இடத்துக்குத்தான் போகவேண்டும். கல்லூரி சேரும் அரசுப் பள்ளிப் பெண்பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 2022 முதல் மாதம் 1,000 ரூபாய் தருகிறீர்கள். வீட்டுச் சோறு சாப்பிட்டு உள்ளூரில் படிக்கிறவளுக்கும், சென்னையில் அறை வாடகையும் மெஸ் பணமும் கட்டுகிறவளுக்கும் அதே ஆயிரம். கணக்கு தெரிந்த அம்மா மகளை எங்கே சேர்ப்பார்?

அரசு விடுதிகள் இருக்கின்றனவே என்பீர்கள். கல்லூரியில் சேர்ந்த பிறகுதானே அதற்கு விண்ணப்பிக்க முடியும்? இடம் கிடைக்குமா என்று தெரியாமல் மகளை யார் சென்னை போகும் சேது எக்ஸ்பிரஸில் ஏற்றிவிடுவார்கள்?

இதன் விளைவு படிப்போடு நிற்பதில்லை. மூன்று வருடம் கழித்து ஓசூரிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ வேலை வருகிறது. வெளியூரில் தங்கிப் படித்தவள் பெட்டியைக் கட்டிவிடுகிறாள். பிரிந்திருக்க அவள் வீடும் பழகிவிட்டது. பழகாத வீட்டிலோ, வேலை உத்தரவு வந்த வாரமே மாப்பிள்ளை பார்க்கத் தொடங்குகிறார்கள். எல்லா வீட்டையும் சொல்லவில்லை, ஆனால் நான் அதிகம் பார்த்தது இதுதான்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் தொழிற்சாலைப் பெண்கள் 18,720 பேர் தங்கும் குடியிருப்பை 2024இல் அரசு திறந்தது. வேலைக்குப் போகிறவளுக்குத் தோழி விடுதியும் இருக்கிறது. அந்தக் கதவு வரை வந்து சேர வேண்டியவளுக்குத்தான் வழியில் தங்க இடமில்லை.

படிக்கிறவர்களின் விடுதிச் செலவை அரசே ஏற்பதற்கு முன்னுதாரணம் உங்கள் அரசிடமே உண்டு. 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் பொறியியல் சேரும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2021 முதல் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. பி.எஸ்ஸி. படிக்க வெளியூர் போகிறவளுக்கும் அதை நீட்டுங்கள். கல்லூரிச் சேர்க்கை ஆணையிலேயே விடுதி இடமும் குறிக்கப்படட்டும். அடுத்த கலந்தாய்வு தொடங்கும் முன்பே இதற்கான அரசாணை வர வேண்டும்.