பத்து மாதக்காரியும் ஒரு தூண்டிலும்

எங்கள் வீட்டுச் சமையலறைச் சன்னல் கம்பியில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு வெள்ளைத் துணி மூட்டை தொங்கும். உள்ளே ஊறவைத்த கேழ்வரகு. இரண்டு இரவு கழிந்ததும் துணியைத் துளைத்துக்கொண்டு முளை எட்டிப் பார்க்கும். அதை நிழலில் உலர்த்தி, வாசம் வரும் அளவுக்கு வறுத்து, சுங்குவார்சத்திரத்தில் மாவு மில்லில் கொடுத்து அரைத்து வருவேன். பாப்பாவுக்குப் பத்து மாதம். அவளுடைய காலைக் கஞ்சி இதுதான்.

சும்மா அரைத்த கேழ்வரகு மாவைக் காய்ச்சினால் களியாக இறுகிவிடும். முளைகட்டிய மாவு அப்படி இறுகாது. இளகி ஓடும், சர்க்கரை போடாமலே லேசாக இனிக்கும். தானியம் முளைக்கும்போது தனக்குள் இருக்கும் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்க அமைலேஸ் என்ற நொதியைச் சுரக்கிறது. விதைக்குள் இருக்கும் குழந்தைச் செடிக்காகச் சுரக்கும் அந்த நொதி எங்கள் குழந்தைக்கும் உதவுகிறது. கடையில் இதையே ராகி மால்ட் என்று விற்கிறார்கள். மால்ட் என்றால் முளைகட்டிய தானியம், அவ்வளவுதான்.

கோடையில் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ரயிலில் பெங்களூரு போயிருந்தோம். என் மைத்துனர் ஒரு மதிய வேளையில் எங்களை அங்கேயே பீர் காய்ச்சிக் கொடுக்கும் ஒரு கடைக்குக் கூட்டிப் போனார். கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் ஆள் உயர எஃகுக் கலன்கள். அதில் ஒன்றின் மூடியைத் திறந்து துடுப்புப் போன்ற கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தார்கள். ஆவி எங்கள் மேசைவரை வந்தது. என் மனைவிதான் முதலில் கண்டுபிடித்தாள். "என்னங்க, இது நம்ம பாப்பா கஞ்சி வாசம்!" ஆமாம், அதே வாசம். அங்கே முளைகட்டியது வாற்கோதுமை. முளைத்த தானியத்தைச் சுடுநீரில் ஊறவைத்து இனிப்பை இறக்கி, அந்த இனிப்பை ஈஸ்டுக்குத் தின்னக் கொடுப்பதுதான் பீர். முதல் பாதிவரை அதுவும் பாப்பாவின் கஞ்சியும் ஒரே சமையல். நான் ஒரு கோப்பையை ஒரு மணி நேரம் வைத்துக் குடித்தேன். பாப்பா உயர நாற்காலியில் உட்கார்ந்து கரண்டியால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது ரயிலில் எனக்குப் 'பெரும்பாணாற்றுப்படை' நினைவுக்கு வந்தது. கல்லூரியில் பாடமாகப் படித்துவிட்டு மறந்துபோன நூல். கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடியது, 500 அடி. 1889-ல் உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பித்தபோது நம் கைக்கு வந்தது. பரிசு பெற்றுத் திரும்பும் பாணன் ஒருவன், எதிரே பசியோடு வரும் இன்னொரு பாணனுக்குக் காஞ்சிக்கு வழி சொல்கிறான். அந்த வழியில் வலைஞர் குடியிருப்பு ஒன்று வருகிறது. அங்கே நீ தங்கினால் என்ன கிடைக்கும் என்று அவன் சொல்வது முழுக்க முழுக்க ஒரு பீர் செய்முறை.

தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவிக் காய்ச்ச வேண்டும். வாயகன்ற தட்டில் பரப்பி ஆறவிட வேண்டும். அதோடு புற்றுக்குள் இருக்கும் குரும்பிபோல் தோற்றமுள்ள அடையைப் பிசைய வேண்டும். நெல்முளையை இடித்துச் செய்த அடை என்று உரை சொல்கிறது. பிறகு உறுதியான வாயுள்ள சாடியில் ஊற்றி, இரண்டு பகலும் இரண்டு இரவும் விட்டு, பக்குவமானதும் விரலால் அலைத்துப் பிழிய வேண்டும். அந்த மணமுள்ள பிழிவைச் சுட்ட மீனோடு தருவார்கள், களைத்துப்போய் வந்தவனுக்கு.

முளை, இரண்டு இரவு! இதை வாசித்த அன்று நான் எழுந்துபோய்ச் சமையலறைச் சன்னலைப் பார்த்துவிட்டு வந்தேன்.

பாட்டில் இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் குடியிருப்பின் முற்றத்தில் மீன் பிடிக்கும் பறிகள் கிடக்கின்றன. புன்னைக் கிளைகளை வெட்டிப் போட்ட பந்தல், கீழே மணல். இளையவர்களும் முதியவர்களும் சுற்றத்தோடு கூடியிருக்கிறார்கள். கயலும் இறாலும் துள்ளும் கருத்த மடுவில் அவர்கள் தம் மகவோடு இறங்கித் திரிகிறார்கள். மகவு என்றால் பிள்ளை. மீன்பிடிக்கப் போகும்போது பிள்ளையையும் உடன் கொண்டுபோனார்கள் என்பதைப் புலவர் ஒரே சொல்லில் போகிற போக்கில் சொல்லிவிடுகிறார், அவருக்கு அது அவ்வளவு இயல்பான காட்சி. கோடை நீண்டாலும் குறையாத, தோள் மூழ்கும் ஆழமுள்ள குளங்கள். அவற்றின் கரையைக் காப்பதும் அதே வலைஞர்கள்தான்.

அது எந்த ஊர்க் குளம் என்று பாட்டு சொல்லவில்லை. ஆனால் நான் வேலைக்குப் போகும் ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் சாலையில் அரை மணி நேரம் போனால் தென்னேரி வரும். அதன் பழைய பெயர் திரையன் ஏரி என்றும், இளந்திரையன் பெயரால் வந்தது என்றும் சொல்வார்கள். பாட்டுடைத் தலைவனின் பெயர் இன்னும் ஒரு ஏரிக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்தப் பக்கம் முழுவதுமே ஏரிகள்தான். பாலாற்றுத் தண்ணீரை ஸ்ரீபெரும்புதூர் ஏரிவரை கொண்டுவரக் கம்பன் கால்வாய் வெட்டி வைத்தார்கள். கிழக்கே செம்பரம்பாக்கம், 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளிவரத் தொடங்கியதிலிருந்து, 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான், 2013-ல் ராயல் என்ஃபீல்டு என்று வரிசையாக வந்த பிறகு, வெளியூர்க்காரர்களான எங்களுக்கு இந்த நிலம் கேட் எண்ணும் பேருந்து நிறுத்தமுமாகத்தான் தெரியும். என் லைனில் வேலை செய்யும் பத்துப் பேரிடம் கேட்டேன். தங்கியிருக்கும் இடத்துக்குப் பக்கத்து ஏரியின் பெயர் இரண்டு பேருக்குத்தான் தெரிந்திருந்தது. எனக்கும் பாப்பா பிறக்கும்வரை தெரியாது.

அவள் நாலாவது மாதத்தில் சாயங்காலமானால் நிறுத்தாமல் அழுவாள். வண்டியில் கொஞ்சதூரம் போனால் அடங்குவாள். அப்படி ஒருநாள் ஏரிக்கரை ஏறினோம். தண்ணீரைப் பார்த்தாள், அழுகை நின்றுவிட்டது. மறுநாளும் போனோம். மூன்றாவது நாள் நான் மூங்கில் கழி ஒன்று, கொஞ்சம் தங்கூஸ் நரம்பு, மயிலிறகுத் தண்டில் தக்கை என்று சேர்த்துக்கொண்டேன். அப்பா எனக்குச் சொல்லித்தந்த தூண்டில் அதுதான்.

மீன்பாசிக் குத்தகை எடுத்திருக்கும் பெரியவரிடம் முதலில் போய்க் கேட்டேன். கேட்காமல் தூண்டில் போடக் கூடாது. அது அவர் பணம் கட்டி எடுத்த மீன். அவர் என்னைப் பார்க்கவில்லை, பாப்பாவைத்தான் பார்த்தார். "கொழந்தய வெயில்ல வெச்சிக்கினு இன்னா சார் மீனு? அஞ்சு மணிக்கு மேல வாங்க. அந்தப் புங்க மரத்தாண்ட குந்துங்க. ஜிலேபி நெறைய கெடக்குது, புடிச்சிக்கங்க. வெரால மட்டும் வுட்டுடுங்க." ஜிலேபி என்பது 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மீன், ஏரியில் விட்டால் அதைக் கட்டுப்படுத்த முடியாது. விரால்தான் அவருக்குக் காசு. அவர் சொன்னதையே இன்றுவரை சட்டமாக வைத்திருக்கிறேன்.

தூண்டிலும் அந்தப் பாட்டில் இருக்கிறது. தோலால் ஆன இரைப் பையைத் தோளில் மாட்டிய பாணன் ஒருவன், நீண்ட மூங்கில் கழியின் நுனியில் நரம்பை இழுத்துக் கட்டியிருக்கிறான். வளைந்த இரும்பு முள்ளில் இரை. வாளை மீன் இரையை மட்டும் கவ்விக்கொண்டு தப்பிவிடுகிறது. தப்பிய பிறகு, நீர் ஓரத்துப் பிரம்பு அசைந்து அதன் நிழல் தண்ணீரில் நடுங்கினால்கூடத் தூண்டிலோ என்று அஞ்சுகிறது. இதை எழுதியவர் கரையில் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்க வேண்டும். மீன் பயப்படுவது கழிக்கு அல்ல, நிழலுக்கு. எங்கள் அப்பாவும் சூரியன் முகத்தில் அடிக்கும்படிதான் உட்காரச் சொல்வார். வாளைக்கு வாய் பிளந்து கண்ணையும் தாண்டிப் பின்னே போகும். அந்த மீனை நான் இந்த ஏரியில் இன்னும் பார்க்கவில்லை. உலக அளவிலேயே அது அழிய வாய்ப்புள்ள மீன்களின் பட்டியலில் இருக்கிறது.

சென்ற ஆண்டு எங்கள் தொழிற்சாலையில் இருந்த ஜப்பானியப் பொறியாளர் ஒருவர் ஊர் திரும்பும்போது எனக்கு ஒரு தூண்டிலைக் கொடுத்துவிட்டுப் போனார். மடக்கினால் முழங்கை நீளம், நீட்டினால் பன்னிரண்டு அடி. சக்கரம் கிடையாது. நுனியில் நரம்பு, நரம்பின் முனையில் புழு இல்லை, இறகு சுற்றிய ஒரு முள். பூச்சி என்று நினைத்து மீன் வாயைத் திறக்க வேண்டும். டென்காரா என்று பெயர், ஜப்பானிய மலை ஓடைகளில் வழிவழியாக வருவது. வெள்ளைக்காரர்களின் ஃப்ளை ஃபிஷிங்குக்குச் சக்கரமும் கனமான நரம்பும் வேண்டும். இதற்கு ஒரு கை போதும். அவர் அதை நீட்டிக் காட்டியபோது, நெடுங்கழியின் நுனியில் நாண் கட்டிய நம் பாணன்தான் எனக்குத் தெரிந்தான்.

இறகுத் தூண்டில் என்றால் தமிழ்நாட்டில் எல்லோரும் நீலகிரியைச் சொல்வார்கள். சென்னை மாகாண அதிகாரியான ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-லேயே இந்தியத் தூண்டில் மீன்பிடிப்பைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதினார். டிரௌட் மீனை உதகைக்குக் கொண்டுவர 1863-ல் பிரான்சிஸ் டே முயன்று தோற்றார். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி. வில்சன் அதைச் சாதித்தார். அவலாஞ்சியில் மீன்பண்ணை வந்தது. நல்ல வரலாறுதான். ஆனால் பத்து மாதக் குழந்தையோடு அத்தனை கொண்டைஊசி வளைவுகளை ஏற எனக்கு மனமில்லை. கோழி இறகை நானே முள்ளில் சுற்றி ஏரி ஜிலேபிக்குப் போட்டுப் பார்த்தேன். ஆறாவது மாலை ஒரு மீன் மேலே வந்து அதைக் கவ்வியது. உள்ளங்கை அளவுதான். அன்று வீடு வரும்வரை பேசிக்கொண்டே வந்தேன்.

ஒரு விதி வைத்திருக்கிறோம். இறகுத் தூண்டிலை வீசும்போது முள் தலைக்குப் பின்னால் போய் வரும். ஆகவே பாப்பா அம்மாவின் மடியில், இருபது அடி தள்ளி இருந்தால் மட்டுமே அது. பாப்பா என் மடியில் இருந்தால் அப்பாவின் தக்கைத் தூண்டில். மதகுப் பக்கமும் கலங்கல் பக்கமும் போவதில்லை. ஆறு மணிக்குக் கொசு வருமுன் கிளம்பிவிடுவோம். முளைக் கஞ்சி ஃபிளாஸ்க்கில் இருக்கும்.

கரையில் நான் குடிப்பது மோர். பனங்காலத்தில் பதநீர். அதற்கு மேல் இங்கே சட்டம் இடம் தரவில்லை. 1937-ல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்குச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. கள் இறக்க 1987 முதல் தடை. 2003 முதல் சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் கையில். ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் கடை வாசலில் நின்றபடியே பத்து நிமிடத்தில் ஒரு குவார்ட்டரை முடித்துவிட்டுப் பேருந்து ஏறுவதை வாரம் ஆறு நாள் பார்க்கிறேன். அவர்கள் என் நண்பர்கள். களைப்பு உண்மையானது. அதைத் தீர்க்க அவர்களுக்குக் கிடைக்கும் வழி அது ஒன்றுதான் என்பது எனக்கு வலிக்கிறது. அந்தப் பாட்டின் வலைஞர் குடியில் களைத்து வந்தவனுக்கு மணலும் பந்தலும் சுட்ட மீனும் இருந்தன. சுற்றிலும் இளையவர்களும் கிழவர்களும் குழந்தைகளும் இருந்தார்கள். யாராவது பார்த்துக்கொண்டிருக்கும்போது மனிதன் நிதானமாகத்தான் குடிக்கிறான்.

அந்தப் பாட்டில் வருவதுபோல் வீட்டில் காய்ச்சுவதென்றால் பயப்பட வேண்டாமா என்று கேட்பார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது மெத்தனால். அந்தத் தெருவை மறந்துவிட்டு யாரும் இதைப் பேசக் கூடாது. ஆனால் அது தொழிற்சாலை ரசாயனம். அரிசிக் களியில் முளையைக் கலந்து இரண்டு நாள் வைப்பது வேறு. உரிமம், சோதனை, அளவு எல்லாம் வைத்து, ஏரிப் பாசன ஊர்களில் மகளிர் குழுக்கள் உள்ளூர் நெல்லில் ஒரு மென்மையான அரிசி பீர் காய்ச்சலாம் என்று ஒரு நாள் அரசாணை வந்தால் முதல் வாடிக்கையாளன் நான். மாப்பிள்ளைச் சம்பாவில் எப்படி வரும், முளைகட்டிய கேழ்வரகைச் சேர்த்தால் என்ன நிறம் வரும் என்று எனக்கு நிஜமாகவே ஆசையாக இருக்கிறது. பெங்களூருவில் ஒரு கோப்பைக்குக் கொடுத்த காசில் இங்கே ஒரு விவசாயி ஒரு மரக்கால் நெல்லை நல்ல விலைக்கு விற்றிருப்பார்.

போன ஞாயிறு. புங்க மரத்தடி. பாப்பா கஞ்சி குடித்துவிட்டு என் இடது கையிலேயே தூங்கிப்போனாள். வலது கையில் அப்பாவின் தூண்டில். தூரத்தில் சிப்காட் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. தக்கை ஒரு முறை சிணுங்கியது, பிறகு சரேலென்று உள்ளே போனது. கனமான இழுப்பு, ஜிலேபி இல்லை. கழியைத் தூக்க வேண்டுமென்றால் இடது தோளும் அசைய வேண்டும். அவள் வாய் திறந்திருந்தது, கன்னத்தில் கஞ்சி காய்ந்திருந்தது. நான் அசையவில்லை. நரம்பு கொஞ்ச நேரம் இழுபட்டது, பிறகு தளர்ந்தது. தக்கை மேலே வந்து படுத்துக்கொண்டது. இருபது அடி தள்ளி உட்கார்ந்திருந்த என் மனைவி, "போச்சா?" என்று உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டாள்.

தலையாட்டினேன். முள்ளில் இரை இல்லை.