வீடியோவில் தெரியாத கை

போன ஞாயிற்றுக்கிழமை கள்ளக்குறிச்சியில் ஒரு லெதர் பால் மேட்ச் பார்க்கப் போனேன். ஆட இல்லை, சும்மா பார்க்க. லீவுக்கு ஊருக்கு வந்திருந்தேன், வீட்டில் கரன்ட் இல்லை, அவ்வளவுதான் காரணம். பேட்ஸ்மேன் டீப் மிட்விக்கெட் பக்கம் தட்டிவிட்டு ஒரு ரன் ஓடி, ரெண்டாவதுக்குத் திரும்பினான். நியாயமான ரெண்டு. நானாக இருந்தாலும் ஓடியிருப்பேன். பவுண்டரி ஓரம் நின்ற ஒரு பையன் ஓடி வந்து பந்தை எடுத்தான். காலில் ஷூ இல்லை, செருப்பு கூட இல்லை. எடுத்த வேகத்தில் எறிந்தான்.

நான் அவனுக்குப் பத்தடி பின்னால் வேப்பமரத்தடியில் நின்றிருந்தேன். பந்து கையை விட்டுப் போகும்போது விர்ரென்று ஒரு சத்தம். மேலே ஏறும், அப்புறம் இறங்கும் என்று நான் வானத்தைப் பார்த்தேன். அங்கே பந்து இல்லை. அது கயிறு கட்டி இழுத்த மாதிரி நேராகப் போய்க்கொண்டிருந்தது. முதலில் கீப்பரின் கை பின்னால் போவது தெரிந்தது. 'டப்' என்ற சத்தம் அதற்கப்புறம்தான் என் காதுக்கு வந்தது. பேட்ஸ்மேன் க்ரீஸுக்கு வர இன்னும் நாலு எட்டு இருந்தது. அவுட்.

மரத்தடியில் இருந்த ஒரு பெரியவர் "யார்றா அவன்?" என்றார். எனக்குத் தெரியும். நம்ம காலேஜ், முதல் வருஷம். கல்வராயன் மலையில், வெள்ளிமலை தாண்டி ஒரு சின்ன ஊர். ஆறு மாசத்துக்கு முன்னாடி நம்ம கிரிக்கெட் டீம் செலக்ஷனில் அவனை வேண்டாம் என்று முடிவு பண்ண நாலு பேரில் நானும் ஒருத்தன்.

(அவனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "பேர் மட்டும் போடாதீங்கண்ணா" என்றான்.)

நடந்தது இதுதான். செலக்ஷன் வைத்த சனிக்கிழமை அவன் ஊருக்குப் போயிருந்தான், வீட்டில் சாமை அறுப்பு. வர முடியாதவங்க வீடியோ அனுப்பலாம் என்று குரூப்பில் போட்டிருந்தோம். அவனும் அனுப்பினான். பதினாலு செகண்ட். ஒரு மேட்டில் நின்று எறிகிறான், அரை செகண்டில் பந்து ஃப்ரேமை விட்டுப் போய்விடுகிறது, மிச்சமெல்லாம் மரமும் வானமும். கேன்டீனில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே நாலு பேரும் பார்த்தோம். "ஒன்னும் பெருசா இல்லையே மச்சான்" என்று சொன்னது நான்தான். அடுத்த வீடியோவுக்குத் தள்ளிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மேட்ச் முடிந்ததும் அவன் எறிந்த இடத்திலிருந்து ஸ்டம்ப் வரைக்கும் நடந்து பார்த்தேன். எண்பது எட்டு வந்தது. அறுபது மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நமக்கெல்லாம் கணக்கு போட்டால்தானே நம்பிக்கை வரும்? ஃபர்ஸ்ட் இயர் ப்ரொஜெக்டைல்தான், காற்றுத் தடையை விட்டுவிடுகிறேன்.

அறுபது மீட்டரை 45 டிகிரியில் எறிந்தால் மணிக்கு 87 கிலோமீட்டர் வேகம் போதும். ஆனால் பந்து 15 மீட்டர் உயரம் போகும், அதாவது அஞ்சு மாடி. வந்து சேர மூன்றரை செகண்ட். அதே அறுபது மீட்டரை 20 டிகிரியில் எறிய 109 கிலோமீட்டர் வேகம் வேண்டும். பந்து அஞ்சரை மீட்டருக்கு மேல் ஏறாது. 2.1 செகண்டில் கீப்பர் கையில் இருக்கும். காற்றுத் தடையையும் சேர்த்தால் கை இன்னும் வேகமாக இருந்தாக வேண்டும். ஒரு க்ரீஸிலிருந்து இன்னொரு க்ரீஸுக்கு 17.68 மீட்டர். திரும்பி ஓடி முடிக்க எப்படியும் மூன்று செகண்ட் பக்கம் ஆகும். ரெண்டு எறிக்கும் நடுவில் உள்ள அந்த 1.4 செகண்டில்தான் ரன் அவுட் இருக்கிறது.

இந்த வித்தியாசம் வீடியோவில் ஏன் தெரியவில்லை? கண்ணைக் குறை சொல்ல முடியாது, லென்ஸ் அப்படி. போன் கேமரா வைட் லென்ஸ், தூரத்தில் போகிற பந்து கடுகு மாதிரி ஆகிவிடும். டிவியில் இதற்கு நேர் எதிர். தூரத்திலிருந்து ஜூம் பண்ணிய லென்ஸ் மைதானத்தையே மடித்து வைத்த மாதிரி காட்டும், அறுபது மீட்டர் இருபது மாதிரி தெரியும். போதாததற்கு கேமரா பந்தோடு சேர்ந்து திரும்புவதால் பந்து நடு ஸ்க்ரீனில் சும்மா மிதக்கிறது. நேரில் நிற்கும்போதுதான் தூரம் தூரமாகவும் வேகம் வேகமாகவும் இருக்கிறது.

இன்னொரு விஷயம். நல்ல கையின் பாதி வேலை நடக்காத விஷயங்களில் இருக்கிறது. ஜடேஜா பக்கம் பந்து போனால் பேட்ஸ்மேன் ரெண்டாவது ரன்னை நினைக்கவே மாட்டான். ஓடாத ரன் ஸ்கோர்கார்டில் வராது, ஹைலைட்ஸில் வராது, ரீல்ஸில் சுத்தமாக வராது. மைதானத்தில் இருப்பவனுக்கு மட்டும்தான் அது தெரியும். அந்த ரன் அவுட்டுக்கு அப்புறம் மீதி ஓவர் முழுக்க டீப் மிட்விக்கெட் பக்கம் ஒருத்தனும் ரெண்டு ஓடவில்லை. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன்.

உலகத்தில் பெரிய கைகள் எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டன என்று பார்த்தால், எங்கேயாவது ஒருத்தர் பக்கத்தில் நின்றிருக்கிறார். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பாலில் யார்க்கர் போட்டுக்கொண்டிருந்த நடராஜனை அதே ஊர் ஜெயப்பிரகாஷ் பார்த்தார், சென்னை வரைக்கும் கொண்டு போனார். 2020 டிசம்பர் 2 அன்று கான்பெராவில் நடராஜன் இந்தியாவுக்கு முதல் ஒருநாள் மேட்ச் ஆடினார், அடுத்த மாசம் பிரிஸ்பேனில் முதல் டெஸ்ட். ஒரே டூரில் மூன்று ஃபார்மட்டிலும் அறிமுகமான முதல் இந்தியர். அவர் அதற்கப்புறம் செய்ததைக் கவனியுங்கள்: 2023-ல் சொந்த ஊரிலேயே ஒரு மைதானம் திறந்தார். அடுத்த பையனைப் பார்க்க ஓர் இடம் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஈட்டி எறிதலிலும் இதே கதைதான். நீரஜ் சோப்ரா உடம்பைக் குறைக்கத்தான் பானிபட்டில் ஸ்டேடியத்துக்குப் போன பையன். அங்கே ஜெய்வீர் சௌத்ரி என்ற ஈட்டி வீரர் அவர் எறிவதை நேரில் பார்த்தார். அங்கே ஆரம்பித்தது 2021 ஆகஸ்ட் 7 அன்று டோக்கியோவில் 87.58 மீட்டரில் தங்கமாக முடிந்தது. 2024 பாரிஸில் 92.97 மீட்டர் எறிந்து ஒலிம்பிக் சாதனை செய்த பாகிஸ்தானின் அர்ஷத் நதீம், சின்ன வயதில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தவர். கை ஒன்றுதான், அதில் பந்தா ஈட்டியா என்பது பார்க்கிறவர் சொல்லும் வழி.

அமெரிக்கன் ஃபுட்பாலில் குவார்ட்டர்பேக் என்று ஒருத்தர் உண்டு, பந்தைத் தூரமாக எறிவதே அவர் வேலை. அங்கே இல்லாத வீடியோவா, இல்லாத டேட்டாவா? ஆனாலும் டிராஃப்டுக்கு முன்னாடி டீம்களின் ஸ்கவுட்கள் காலேஜ் காலேஜாகப் போய், மைதான ஓரம் நின்று அந்தப் பையன் எறிவதைப் பார்க்கிறார்கள். கோடிக்கணக்கில் பணம் போடுபவர்களே நேரில் பார்க்காமல் முடிவு செய்வதில்லை. நாங்கள் கேன்டீனில் முடிவு செய்தோம்.

இதைப் படிக்கும் டீம் ஆட்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். "வீடியோ இருந்ததாலதானே மலையில இருக்குறவன் பேரே உள்ள வந்துச்சு? இல்லன்னா வரவே முடியாதே!" உண்மை, அதை மறுக்கவில்லை. வீடியோ கதவைத் திறக்கட்டும். கதவைச் சாத்துவதற்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்பதுதான் என் கட்சி. நல்லா எடுக்கப்பட்ட வீடியோ யாரிடம் இருக்கும்? நெட் பிராக்டீஸ், நல்ல போன், ட்ரைபாட், பின்னால் பாட்டு போட்டு எடிட் பண்ணித் தர ஒரு நண்பன் எல்லாம் இருப்பவனிடம். அன்றைக்கு நாங்கள் தேர்ந்தெடுத்ததில் பாதி எடிட்டிங் என்று இப்போது தோன்றுகிறது. அந்த வீடியோவில் ஜிம் பாடியோடு அசத்திய ஒருத்தன் பவுண்டரியிலிருந்து எறிந்தால் வானவில் மாதிரி வளைந்து ரெண்டு பிட்ச் ஆகி வருகிறது. எறிகிற பலம் புஜத்தில் மட்டும் இல்லை. காலில் ஆரம்பித்து, இடுப்பு திரும்பி, தோள் வழியாக சாட்டை மாதிரி விரலுக்கு வருகிறது. அதை ஃபோட்டோவில் பார்க்க முடியாது.

தூரத்திலிருந்து பார்த்து முடிவு கட்டுவது எப்படி இருக்கும் என்று கள்ளக்குறிச்சிக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டாம். 2024 ஜூனுக்கு அப்புறம் வெளியூரில் ஊர் பேரைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் முகம் மாறுவதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். கல்வராயன் மலை என்றால் இன்னும் மோசம். நியூஸில் பார்த்த ரெண்டு நிமிஷத்தை வைத்து ஒரு மலையையே எடை போட்டுவிடுகிறார்கள். அதைப் பார்த்துக் கோபப்படுகிற நானே பதினாலு செகண்ட் வீடியோவை வைத்து அந்த மலைப் பையனை எடை போட்டேன். இதுதான் எனக்கு உறுத்துகிறது.

மேட்ச் முடிந்து அவனிடம் போய்ப் பேசினேன். எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டதற்குச் சிரித்தான்.

"யாரும் சொல்லித் தரலண்ணா. எங்க ஊர்ல கிரவுண்டு சரிவுல இருக்கும். பந்து பள்ளத்துல போயிடும். கீழ போய் எடுத்து மேல எறியணும். மெதுவா எறிஞ்சா திரும்ப உருண்டு நம்மகிட்டயே வந்துடும்."

அந்த வீடியோவில் அவன் மேட்டில் நின்று எறிந்ததாகத்தானே நினைத்தோம்? மேட்டில் நின்றது வீடியோ எடுத்தவனாம். இவன் பள்ளத்திலிருந்து மேலே எறிந்துகொண்டிருந்தான். எந்தப் பக்கம் மேடு என்று கூடப் போன் எங்களுக்குக் காட்டவில்லை.

"அப்போ ஏன்டா திரும்ப வந்து கேக்கல?" என்றேன். "நீங்க பாத்துட்டீங்கல்லண்ணா" என்றான். நான் பதில் சொல்லவில்லை.

எனக்கு இது கடைசி வருஷம், அடுத்த செலக்ஷனில் நான் இருக்க மாட்டேன். அதனால் இனி டீமைப் பார்த்துக்கொள்ளப் போகும் மூன்றாம் வருஷத்து ஆட்களுக்கு மூன்று வேண்டுகோள். ஒன்று, வீடியோ பார்த்து யாரையும் சேருங்கள், யாரையும் கழிக்காதீர்கள். ரெண்டு, செலக்ஷனை ஒரே நாளில் முடிக்காமல் ரெண்டு நாள் வையுங்கள், ஊருக்குப் போனவன் ஒரு நாளாவது வரட்டும். பேட்டிங், பௌலிங்கோடு பவுண்டரியிலிருந்து ஆளுக்கு மூன்று எறி சேருங்கள், ஒரு ஸ்டாப்வாட்ச் போதும். மூன்று, வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டீமோடு காச்சிராயபாளையம் வழியாக பஸ் ஏறி வெள்ளிமலை போய் அந்த ஊர்ப் பையன்களோடு ஒரு மேட்ச் ஆடுங்கள். தோற்றாலும் பரவாயில்லை. பள்ளத்தில் விழுந்த பந்தை யார் எடுத்து எறிகிறார்கள் என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.

தம்பி, உனக்கும் ஒன்று. அன்றைக்கு நாங்கள் பார்க்கவில்லை. பார்த்த மாதிரி சொன்னோம், மன்னித்துக்கொள். அடுத்த செலக்ஷனுக்கு வா. டீம் பையில் ஸ்பைக்ஸ் ஷூ ஒரு ஜோடி சும்மா கிடக்கிறது, ஒன்பதாம் நம்பர். சரியாக இருக்கிறதா என்று திங்கட்கிழமை வந்து போட்டுப் பார்.