வெள்ளி வெள்ளியாகச் சேர்ந்த மரபு

"மரபைக் காப்போம், பண்பாட்டைப் பேணுவோம்" என்ற முழக்கம் ஒலிக்காத தமிழ் நிகழ்ச்சி நம் வளாகங்களில் கிடையாது. குத்துவிளக்கு ஏற்றுகிறோம், தமிழ் வாழ்த்துப் பாடுகிறோம், கோலம் போடுகிறோம், பறை அடிக்கிறோம். இவை வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் எந்த மரபைக் காக்கப் போகிறோம், அதை இந்த மண்ணில் இதுவரை காத்துத் தந்தவர்கள் யார், எப்படிக் காத்தார்கள் என்ற கேள்விகளை நாம் கேட்பதே இல்லை. இக்கட்டுரையின் நோக்கம் அக்கேள்விகளைக் கேட்பதே.

நான் கலும்பாங்கில் பிறந்தவன். சிலாங்கூரின் வட எல்லையில், கெர்லிங்குக்கும் தஞ்சோங் மாலிமுக்கும் இடையே இருக்கும் சிற்றூர் அது. ஒரு காலத்தில் ஊரைச் சுற்றி ரப்பர். இன்று பெரும்பாலும் செம்பனை. என் பாட்டி பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்குப் போய், நிரை பிடித்து, மங்கில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து நிறுவைக்குத் தூக்கியவர். அவர் வாயிலிருந்து "மரபு", "பண்பாடு" என்ற சொற்களை நான் ஒரு நாளும் கேட்டதில்லை. ஆனாலும் நான் இன்று தமிழில் எழுதுவதற்கு அவர் தலைமுறைதான் காரணம்.

போருக்கு முந்திய மலாயாத் தமிழர் வாழ்க்கையை ஒரு வரியில் சொன்னால், அது கப்பலில் வந்து கப்பலில் திரும்பும் வாழ்க்கை. கங்காணி ஆள் சேர்ப்பார், சில ஆண்டு உழைப்பார்கள், சிலர் ஊர் திரும்புவார்கள், புதியவர்கள் வருவார்கள். மொழியும் வழிபாடும் பாட்டும் அந்தக் கப்பலிலேயே வந்து இறங்கின. காப்பாற்ற வேண்டும் என்ற கவலை யாருக்கும் எழவில்லை. 1938-இல் இந்திய அரசு உதவி பெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தது. அடுத்த சில ஆண்டுகளில் போர் வந்தது. கப்பல் நின்றது, கடிதம் நின்றது, ஊரோடு இருந்த தொடர்பே அறுந்தது.

போர் எங்கள் பகுதியை ஒதுங்கிப் போய்விடவில்லை. 1942 ஜனவரி 7-ஆம் நாள் சிலிம் ரிவரில் ஜப்பானிய டாங்கிகள் பிரிட்டிஷ்–இந்தியப் படையின் அணியை உடைத்தன. நான்கே நாளில், ஜனவரி 11-இல், கோலாலம்பூர் வீழ்ந்தது. அதன்பின் வந்ததுதான் சயாம் மரண ரயில். பர்மாவையும் சயாமையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் இருப்புப்பாதைக்காக மலாயாவிலிருந்து மட்டும் எழுபத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் பல்லாயிரவர் மாண்டனர். காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்க் கைதிகளுக்கு ஏறத்தாழ ஏழாயிரம் கல்லறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பெயர் உண்டு, பெயர் தெரியாதவருக்கும் ஒரு கல் உண்டு. நம்மவர்களில் பெரும்பாலோருக்குக் கல்லும் இல்லை, பெயர்ப் பட்டியலும் இல்லை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' போன்ற நாவல்கள் எழுதப்பட்டிராவிட்டால் அந்தத் துயரம் நம் இலக்கியத்தில்கூடப் பதிவாகியிராது.

போர் முடிந்து 1947-இல் எடுக்கப்பட்ட மக்கள் தொகைக் கணக்கில், மலாயா இந்தியரின் எண்ணிக்கை 1931-இல் இருந்ததைவிடக் குறைந்திருந்தது. ஆண்கள் போய்த் திரும்பாத லயங்களில் விதவைகளும் அநாதைப் பிள்ளைகளும் எஞ்சினர். அமைதியும் உடனே வரவில்லை. 1948-இல் அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டது. 1952 மார்ச்சில் எங்கள் பக்கத்து ஊரான தஞ்சோங் மாலிமில் டெம்ப்ளர் நாளொன்றுக்கு 22 மணி நேர ஊரடங்கு விதித்து, அரிசிப் பங்கீட்டையும் குறைத்தார். அடுத்த வேளைச் சோற்றுக்கே உறுதியில்லாத காலம் அது.

அப்படிப்பட்ட காலத்தில் மொழியையும் பண்பாட்டையும் யார் நினைப்பார்கள்? இங்கேதான் நாம் வியந்து நிற்க வேண்டியிருக்கிறது. மலேசியத் தமிழரின் பண்பாட்டு வாழ்வில் மிகச் சிறந்த பணிகள் பல நடந்தது அந்தப் பத்து, பதினைந்து ஆண்டுகளில்தான்.

1951-இல் பார்ன்ஸ் அறிக்கை, தாய்மொழிப் பள்ளிகளுக்குப் பதிலாக மலாய், ஆங்கிலம் கற்பிக்கும் தேசியப் பள்ளிகளைப் பரிந்துரைத்தது. தமிழர் அமைப்புகள் எதிர்த்து நின்றன. 1956-இன் ரசாக் அறிக்கைக்குப் பின் தமிழ்ப்பள்ளி தேசியக் கல்வி முறைக்குள் இடம் பெற்றது. 1952-இல் கோ. சாரங்கபாணி முன்னின்று தமிழர் திருநாளைத் தொடங்கினார். சமய வேறுபாடு, சாதி வேறுபாடு பாராமல் தமிழர் அனைவரும் கூடும் நாளாக அது மலாயா முழுவதும் பரவியது. அவர் நடத்திய தமிழ் முரசின் மாணவர் மணிமன்றம், தோட்டத்துப் பிள்ளைகளை எழுத வைத்தது.

எல்லாவற்றுக்கும் மேலாக, அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை அமைக்கும் பேச்சு எழுந்தபோது, சமஸ்கிருதத்துக்கா தமிழுக்கா முதலிடம் என்ற விவாதம் வந்தது. சாரங்கபாணி "தமிழ் எங்கள் உயிர்" என்ற நிதித் திட்டத்தைத் தொடங்கினார். துறைமுகத் தொழிலாளரும் தோட்டத் தொழிலாளரும் கடைச் சிப்பந்திகளும் வெள்ளி வெள்ளியாகத் தந்தார்கள். 1956-இல் துறை தொடங்கியது. தமிழ் அங்கே நிலைபெற்றது. பின்னர் தனிநாயகம் அடிகளார் அத்துறைக்குத் தலைமையேற்றார். 1966-இல் முதலாம் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடந்ததும் அதன் தொடர்ச்சியே.

நண்பர்களே, அந்தப் பணத்தைத் தந்தவர்களில் எத்தனை பேர் பல்கலைக்கழகத்தின் வாசலை மிதித்திருப்பார்கள்? தம் பிள்ளைகள் அங்கே படிப்பார்கள் என்ற நம்பிக்கைகூடப் பலருக்கு இருந்திருக்காது. இருந்தும் கொடுத்தார்கள். இன்று இந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் தமிழ் படிக்கும் நாம் ஒவ்வொருவரும் அந்த வெள்ளியின் வட்டியில் வாழ்பவர்களே.

இதே போன்ற ஒன்றை நம் காலத்திலும் காண்கிறோம். 1983-க்குப் பின் போரினால் இலங்கையை விட்டு வெளியேறிய தமிழர்கள் கனடாவில் குடியேறினர். பனியில் வேலைக்கு ஓடிய பெற்றோர் வார இறுதியில் பிள்ளைகளைத் தமிழ் வகுப்புக்கு அழைத்துப் போனார்கள். 2016-இல் கனடிய நாடாளுமன்றம் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றது. டொரண்டோ பல்கலைக்கழக ஸ்கார்பரோ வளாகத்தில் தமிழ் இருக்கை அமைக்க 2018-இல் நிதி திரட்டத் தொடங்கி, 2021-இல் மூன்று மில்லியன் டாலர் இலக்கை எட்டினார்கள். நாடு வேறு, போர் வேறு, காலம் வேறு. ஆனால் அடிபட்டு வந்த மக்கள், முதலில் பிள்ளைகளின் மொழிக்கு ஓர் இடம் தேடியது மட்டும் ஒன்றே.

இவற்றிலிருந்து நான் பெறும் பாடங்கள் இரண்டு.

முதலாவது, நம் முன்னோர் வயிற்றையும் மொழியையும் பிரித்துப் பார்க்கவில்லை. "முதலில் வேலை, வீடு, கல்விக் கடன், மொழியெல்லாம் பிறகு" என்று இன்று நம்மில் பலர் சொல்கிறோம். அது நியாயமான கவலைதான். ஆனால் 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளைப் பாருங்கள். சம்பள உயர்வு கேட்டார்கள். மருத்துவ வசதி கேட்டார்கள். பிள்ளைகளுக்கு முறையான கல்வி கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்றார்கள். கூலியும் பள்ளியும் மானமும் அவர்களுக்கு ஒரே பட்டியலில் இருந்தன. நாம்தான் அவற்றைத் தனித்தனித் தாளில் எழுதிக்கொண்டோம்.

இரண்டாவது, காப்பது என்றால் எல்லாவற்றையும் கட்டிக் காப்பதல்ல. எது வேண்டும், எது வேண்டாம் என்று தேர்ந்தெடுப்பதும்தான். ஊரிலிருந்து வந்த கப்பலில் தமிழ் மட்டும் வரவில்லை, சாதியும் வந்தது. 1929-இலும் 1954-இலும் பெரியார் மலாயா வந்தபோது மூட்டிய விவாதங்கள் தோட்டம் வரை போயின. 1946, 47-ஆம் ஆண்டுகளில் கெடாவில் தோன்றிய தொண்டர் படை கள்ளுக்கடைகளுக்கு முன் மறியல் செய்தது. அவர்களும் மரபைக் காத்தவர்களே. ஆகவே, "தோட்டத்து வாழ்க்கை பொற்காலம்" என்று இன்று சிலர் ஏங்கிப் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒழுகும் லயமும் ஒப்பந்தக் கடனும் பொற்காலம் ஆகாது. அந்த வாழ்க்கைக்குள் இருந்துகொண்டே அவர்கள் கட்டிய பள்ளியும் கோயிலும் சங்கமும்தான் பொன்.

அவை இன்று எந்த நிலையில் உள்ளன? நாடு விடுதலை பெற்ற 1957-இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஐந்நூற்றுச் சொச்சம். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, விற்கப்பட்டன, மேம்பாட்டுத் திட்டங்களாயின. மக்கள் நகரம் போனார்கள். எஞ்சிய பள்ளிகளில் பாதிக்கு மேல் 150 மாணவருக்கும் குறைவானவை. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்த மொத்த மாணவர் தொகை, இப்போது எண்பதாயிரத்தை ஒட்டி நிற்கிறது. எங்கள் உலு சிலாங்கூரிலேயே புக்கிட் தாகார், நைஜல் கார்ட்னர், மேரி, மிஞ்ஞாக், சுங்கை திங்கி ஆகிய ஐந்து தோட்டங்களின் மக்கள், ஒரு சொந்த வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கும் மேல் போராட வேண்டியிருந்தது. மக்கள் கலைந்தால் பள்ளி கலைகிறது. பள்ளி கலைந்தால் கோயில் கணக்குப் புத்தகம் யார் வீட்டுப் பரணிலோ செல்லரிக்கிறது.

இந்த இடத்தில் பல்கலைக்கழக மாணவர்கள் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். நம்மால் தோட்டத்தை மீட்க முடியாது. ஆனால் மூன்று காரியங்கள் முடியும்.

ஒன்று, நினைவைப் பதிதல். போர்க்காலத்தை நேரில் கண்டவர்கள் இன்று எண்பத்தைந்து, தொண்ணூறு வயதைத் தாண்டியவர்கள். இன்னும் சில ஆண்டுகளில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். நம் கழக உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரு பருவ விடுமுறையில் ஒரே ஒரு முதியவரிடம் உட்கார்ந்து, கைத்தொலைபேசியில் குரலைப் பதிந்தால் போதும். எந்தத் தோட்டம், எந்த ஊரிலிருந்து வந்தவர்கள், சயாமுக்குப் போனவர் யார் யார், திரும்பியவர் யார் என்று பெயர் பெயராகக் கேளுங்கள். காஞ்சனபுரியில் இல்லாத பெயர்ப் பட்டியலை நாம் இங்கே தொடங்கலாம்.

இரண்டு, தாள்களைத் தேடுதல். கோயில் குறிப்பேடு, பள்ளி வருகைப் பதிவேடு, தொழிற்சங்க அட்டை, பழைய நாடகத்தின் அழைப்பிதழ், திருமணப் படம் ஆகியவை நம் வரலாற்றின் மூல ஆவணங்கள். படமெடுத்து அந்த வட்டாரத் தமிழ்ப்பள்ளியிலும் பல்கலைக்கழக நூலகத்திலும் ஒரு படி வைக்க வேண்டும். பெரட்டு, மங்கு, நிரை, தண்டல் போன்ற தோட்டச் சொற்களையும் பொருளோடு தொகுக்க வேண்டும். அவையும் தமிழே, இந்த மண்ணில் உழைத்தவர்கள் வாயில் வாழ்ந்த தமிழ்.

மூன்று, சிறிய பள்ளிகளுக்குக் கை கொடுத்தல். கலும்பாங்குக்குப் பக்கத்திலேயே தஞ்சோங் மாலிமில் தமிழாசிரியர்களை உருவாக்கும் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. இத்தகைய வளாகங்களின் மாணவர்கள் வாரம் ஒரு நாள் அருகிலுள்ள சிறு பள்ளியில் வாசிப்பு வட்டமோ கணிதப் பயிற்சியோ நடத்தலாம். பெற்றோர் தமிழ்ப்பள்ளியைத் தேர்ந்தெடுப்பது மேடைப் பேச்சைக் கேட்டல்ல. அங்கே தம் பிள்ளை நன்றாகப் படிக்கும் என்ற நம்பிக்கை வந்தால்தான்.

இதற்குப் பணம் எங்கே என்று கேட்பவர்களுக்கு என் பதில் சற்றுக் கசக்கலாம். ஆண்டுதோறும் கலை இரவுக்கு நாம் திரட்டும் தொகையில் பத்தில் ஒரு பங்கை இப்பணிக்கு ஒதுக்கினாலே போதும். ஒளி விளக்கு கொஞ்சம் குறையும், நிகழ்ச்சி குறையாது.

கல்வெட்டு இல்லாத, கல்லறை இல்லாத ஒரு தலைமுறை தன் ஒற்றை வெள்ளியை நமக்காக எடுத்து வைத்தது. நாம் அவர்களுக்கு எடுத்து வைக்க வேண்டியது ஒரு பிற்பகல் நேரம். வரும் விடுமுறையில் வீட்டுக்குப் போகும் ஒவ்வொருவரும், "தாத்தா, உங்க தோட்டத்துல இருந்து சயாமுக்குப் போனது யாரு?" என்று கேட்டு எழுதி வாருங்கள். அடுத்த ஆண்டு மலரில் அந்தப் பெயர்கள் அச்சாகட்டும்.